எருக்குவியலும் பனங்குருத்தும்

கமக்காரர்களே,

வரட்சியையும் புயலையும் தாங்கி நிற்கும் மரம் பனை. வட மாகாணத்திலே வயற்கரைகளிலும் தோட்ட வேலிகளிலும் அது நீரூற்றுவாரின்றி வளர்கின்றது. அதன் ஓலை வேலிக்கும் கூரைக்கும் உதவுகின்றது. பழைய ஓலை தோட்ட நிலத்திலே தாழ்க்கப்பட்டுப் பசளையாகின்றது. இத்துணை உறுதியான மரத்துக்கு நோய் ஏது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறானது.

பனைக்கு வளரும் நுனி ஒன்றே உண்டு. மாமரத்தின் ஒரு கிளை பட்டுப்போனால் வேறொரு கிளை துளிர்க்கும். பனையின் குருத்து அழியின் மரம் முழுவதுமே அழியும். விதையிலிருந்து எழும் பனை பாளை தள்ளுவதற்கு 12 முதல் 15 ஆண்டுகளேனும் செல்லும். ஆதலால், இன்று இழக்கும் மரத்தின் பயனை மீண்டும் பெறுபவர் உங்கள் பிள்ளைகளே. யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிவடையும்வரை பதுங்குகுழிகள் அமைப்பதற்காக ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றையும் புதிதாய் எழும் வடலிகளையும் காப்பது எமது கடமையாகும்.

பனங்குருத்துக்குப் பகைவர் மூவர். அவருள் முதலாமவர் பெருகும் இடம் பெரும்பாலும் உங்கள் எருக்குவியலே.

1. கருவண்டு

இது தலையிலே ஒரு கொம்புடைய, ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமான கரிய வண்டு. பகலில் மறைந்திருந்து இரவிலே பறக்கும். விரியாத குருத்தைத் துளைத்து உட்சென்று அதன் சாற்றை உறிஞ்சும். பின்னர் அக்குருத்து விரியும்போது, கத்தரியால் வெட்டியதுபோன்ற வெட்டுகள் ஓலையிலே தோன்றும். துளையின் வாயிலில் மென்று தள்ளிய நார் காணப்படும். வளர்ந்த மரம் இதனால் உடனே சாவதில்லை. வடலியோ பெரிதும் நலிவுறும், சிலவேளை இறக்கும்.

வண்டு மரத்தில் இருந்து உண்ணினும் அங்கே முட்டையிடுவதில்லை. உக்கும் சாணக்குவியல், குப்பைமேடு, விழுந்து உக்கிய பனை, தென்னைக் குற்றிகள் ஆகியவற்றிலேயே முட்டையிடுகின்றது. அவற்றிலிருந்து வெளிவரும் புழு வெண்ணிறமாயும், தலை கபிலநிறமாயும், வில்போல் வளைந்தும் இருக்கும். முதிர்ந்த புழு கைப்பெருவிரலினும் பருமனாகும். முட்டை வண்டாகுவதற்கு ஏறத்தாழ 5 அல்லது 6 மாதங்கள் செல்லும்.

அண்மையிலே ஒரு கமக்காரர் தம் வேலியோரத்து வடலிகளைக் காட்டி, "மருந்து என்ன?" என வினவினார். புதிதாய் விரிந்த ஓலைகள் யாவும் வெட்டுண்டிருந்தன. இருபது அடி தூரத்தில் கடந்த காலபோகத்துக்குப் பின் கிளறப்படாத சாணக்குவியல் ஒன்று கிடந்தது. மண்வெட்டியால் அதன் ஓரத்தைப் புரட்டியபோது புழுக்கள் கொத்தாக வெளிவந்தன. அவர் தேடிய மருந்து அம்மண்வெட்டியே.

2. செவ்வண்டு

இது நீண்ட மூக்குடைய செங்கபிலநிற வண்டு. கருவண்டு துளைத்த காயங்களிலும், பச்சை மட்டையை வெட்டிய வாய்களிலும் முட்டையிடும். புழுக்கள் மரத்தின் உள்ளே குடைந்து தின்பதால் கேட்டை எளிதிற் காண இயலாது. தண்டிலே கபிலநிற நீர் கசிதலும், துளைகளில் நார் வெளிவருதலும், காதை வைத்துக் கேட்கையில் கறும்பும் ஓசை எழுதலும் இதன் அடையாளங்களாம். நடுக்குருத்து வாடிச் சாயும் நிலையை அடைந்த மரத்தைக் காப்பது அரிது.

3. குருத்தழுகல் நோய்

மாரிகாலத்து ஈரத்திலே இந்நோய் பரவுகின்றது. இதற்குக் காரணமான, பங்கசை ஒத்த நுண்ணங்கியை 1907ஆம் ஆண்டிலே பட்லர் என்னும் அறிஞர் இந்தியாவின் கோதாவரிப் பகுதிப் பனைகளிற் கண்டு விவரித்தார். இன்று அது பைற்றோத்தோரா பாமிவோரா எனப்படுகின்றது. முதலிலே நடுக்குருத்து மஞ்சளித்துக் கபிலநிறமாகும். இழுத்தால் எளிதிற் கழன்று வரும். அடி அழுகித் துர்நாற்றம் வீசும். வெளியோலைகள் சில மாதங்கள் பச்சையாகவே நிற்பதால் பலர் ஏமாறுவர்.

செய்ய வேண்டியவை

எருக்குவியலை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அடிவரை புரட்டுங்கள். வெளிப்படும் புழுக்களைப் பொறுக்கி நசுக்குங்கள். கோழிகளை விட்டால் அவையும் உண்ணும். காலபோக உழவுக்கு முன் எரு முழுவதையும் வயலுக்குக் கொண்டு சென்று பரப்புங்கள். பழைய எருவின்மேற் புதிய சாணத்தை ஆண்டுக்கணக்காகக் குவித்தல் ஆகாது.

விழுந்த குற்றிகளைப் பிளந்து உலர்த்தி விறகாக்குங்கள். உக்கவிடாதீர்கள்.

கைக்கெட்டும் வடலிகளின் குருத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். துளை தென்படின் கொளுக்கியுள்ள கம்பியால் வண்டை வெளியே எடுத்துக் கொல்லுங்கள். குருத்துக்குச் சேதம் நேராவாறு அதனைச் செய்தல் வேண்டும். பின்னர், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரு பங்கு மணலைக் கலந்து உள்மட்டைகளின் கவட்டிலே இடுங்கள்.

பச்சை மட்டைகளைத் தண்டோடு ஒட்டத் தறியாதீர்கள். தண்டிலே காயம் ஏற்படின் அதன்மீது தார் பூசுங்கள்.

குருத்தழுகல் தொடக்கத்திலேயே காணப்படின், அழுகிய பாகத்தை முற்றாக வெட்டியகற்றிப் போடோப் பசை பூசி, புதுக்குருத்து எழும்வரை மழைநீர் படாது மூடிவிடுங்கள். அப்பசையைச் செய்யும் முறை வருமாறு: 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு அரை லீற்றர் நீரிலும் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். மண் அல்லது பிளாத்திக்குப் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த அன்றே பயன்படுத்துங்கள். வெட்டிய அழுகற் பாகங்களை எருக்குழியில் இடாது எரித்துவிடுங்கள்.

உயர்ந்த மரத்தின் வட்டை நிலத்தில் நின்று நன்கு பார்க்க இயலாது. மரமேறும் சீவல் தொழிலாளியிடம் குருத்தின் நிலையைக் கேட்டறியுங்கள். குருத்து முற்றாக இறந்த மரத்தை அகற்ற வேண்டின், முதலிற் கிராம அலுவலருக்கு அறிவித்து உரிய அனுமதியைப் பெறுங்கள்.

அயலவர் ஒருவரின் குவியலிலே பெருகும் வண்டு மற்றவரின் வடலிக்குப் பறந்து செல்லும். ஆதலால், ஒருவர் மாத்திரம் எருவைப் புரட்டுவதாற் பயன் சிறிதே. கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலே ஒரு நாளைக் குறித்து, கிராமத்தார் யாவரும் ஒருங்கே இவ்வேலையைச் செய்யுங்கள். ஐயம் எழின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள்.