எல்லாப் பாட்டும் ஒரே மாதிரியா இருக்கு? யூரோபீட் பத்தி ஒரு ரசிகனின் விளக்கம்



ஹாஸ்டல்ல யூரோபீட் போட்டா, மூணாவது பாட்டுக்குள்ள யாராவது கேட்டுடுவாங்க: "மச்சி, எல்லாம் ஒரே பாட்டாத்தானே இருக்கு?" பின்னாடியே அடுத்த கேள்வியும் வரும்: "கம்ப்யூட்டர்தானே வாசிக்குது, இதுல மனுஷனுக்கு என்ன வேலை?" இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ரெண்டாவது கேள்விக்கான பதில் நம்ம கோடம்பாக்கத்துலயே இருக்கு.

யூரோபீட்னா என்ன?

1980-களின் தொடக்கத்துல இத்தாலியில டிரம் மெஷினும் சின்தசைசரும் வச்சு ஒரு வகை டான்ஸ் இசை பண்ணாங்க. பேரு இத்தாலோ டிஸ்கோ. ஐரோப்பாவுல அந்த அலை ஓய்ஞ்ச பிறகும் ஜப்பான் டிஸ்கோக்கள்ல அதுக்குக் கூட்டம் குறையல. அதனால இத்தாலிக்காரங்க ஜப்பானுக்காகவே, ஆங்கிலத்துல, இன்னும் வேகமா பாட்டு போட ஆரம்பிச்சாங்க. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150-லிருந்து 160 தட்டு. அதுதான் இன்னைக்கு நாம சொல்ற யூரோபீட்.

இதுக்குன்னே 1990-ல 'சூப்பர் யூரோபீட்'னு ஒரு தொகுப்பு வரிசை தொடங்குச்சு. 2018-ல 250-வது தொகுப்பு வந்துச்சு. கணக்குப் போட்டா வருஷத்துக்குச் சராசரியா ஒன்பது ஆல்பம்! நம்மில் பலருக்கு இந்த இசை வந்து சேர்ந்தது 'இனிஷியல் டி' அனிமே வழியா. டோஃபு டெலிவரி பண்ற பையன் ராத்திரியில மலைப்பாதையில டொயோட்டா ஏஈ86 ஓட்டுவானே, அதேதான். மங்கா 1995, அனிமே 1998. மீம்ஸ்லயும் ட்ரிஃப்ட் வீடியோலயும் ஓடுற 'டேஜா வூ', 'கேஸ் கேஸ் கேஸ்' எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஒரே மாதிரியா?

அமைப்பு ஒரே மாதிரிதான், ஒத்துக்கிறேன். முதல்ல சின்த்ல ஒரு தெறிக்கிற மெட்டு வரும். அப்புறம் கொஞ்சம் அடக்கமா சரணம், அதுக்கு மேல ஏத்தி விடுற ஒரு பாலம், அடுத்து முழு வேகத்துல கோரஸ், மறுபடி அந்த சின்த் மெட்டு. கீழே பேஸ் குதிரை ஓடுற மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆனா பல்லவி, அனுபல்லவி, சரணம்னு அமைப்பு ஒண்ணுதாங்கறதுக்காக எல்லாக் கீர்த்தனையும் ஒண்ணுன்னு நாம சொல்றதில்லையே? சட்டகம் ஒண்ணா இருக்கறப்போ வித்தியாசம் மெட்டுலதான் தெரியும். ஒரு சின்ன சோதனை: டிரம்ஸ், பேஸ் எல்லாத்தையும் மறந்துட்டு கோரஸ் மெட்டை மட்டும் மெதுவா முணுமுணுத்துப் பாருங்க. தனியா நின்னா அது நல்ல யூரோபீட். நிக்கலைன்னா வெறும் வேகம். 250 தொகுப்புல ரெண்டு ரகமும் தாராளமா உண்டு.

மிஷின் என்ன செய்யுது?

155 தட்டு வேகத்துல நாலு நிமிஷப் பாட்டுன்னா மொத்தம் 620 தட்டு. பேஸ் தட்டுக்கு ரெண்டு ஸ்வரம் வாசிச்சாக்கூட 1,240 ஸ்வரம், ஒவ்வொண்ணுக்கும் 0.2 விநாடிகூட இடைவெளி கிடையாது. இதை அலுக்காம வாசிக்கத்தான் சீக்வென்சர்.

அதுக்குக் கட்டளை போற வழி மிடி. 1983-ல வந்த இந்த முறையில சத்தம் எதுவும் போகாது. 'இந்த ஸ்வரத்தை அழுத்து, இவ்வளவு வேகமா அழுத்து, இப்போ விடு'ங்கற தகவல் மட்டும்தான் போகும். ஸ்வரத்துக்கு 0 முதல் 127 வரை எண், அழுத்துற வேகத்துக்கும் அப்படியே. ஒரு வயர்ல 16 சேனல், நொடிக்கு 31,250 பிட். நம்ம மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல பார்க்கிற அதே சீரியல் கம்யூனிகேஷன்தான். எந்த ஸ்வரம், எப்போ, எவ்வளவு நேரம்ங்கறதை ஒரு மனுஷன் முடிவு பண்ணி உள்ள போடணும்.

நான் நெய்வேலிக்காரன், அதனால எங்க ஊர் உதாரணமே சொல்றேன். சுரங்கத்துல பக்கெட் வீல் மிஷின் நாள் முழுக்க ஒரே மாதிரிதான் சுத்தும். மண்ணை வெட்டும், கன்வேயர்ல கொட்டும், மறுபடி வெட்டும். அதுக்காக "சக்கரம்தானே சுத்துது, ஆபரேட்டருக்கு என்ன வேலை"ன்னு டவுன்ஷிப்ல எந்த வீட்லயாவது சொல்லிப் பாருங்க, சாப்பாடு கிடைக்காது! திரும்பத் திரும்பச் செய்யறது மிஷின். எங்க வெட்டணும், எவ்வளவு ஆழம் போகணும்னு பார்க்கிறது ஆள்.

கோடம்பாக்கத்து ஆபரேட்டர்

இதே காலத்துலதான் நம்ம பக்கமும் இது நடந்துச்சு. 1986-ல கே. பாலசந்தர் இயக்கின 'புன்னகை மன்னன்'. இசை இளையராஜா. தமிழ் சினிமாவுல கம்ப்யூட்டர் சீக்வென்சர் வச்சுப் பதிவான ஆரம்ப காலப் படங்கள்ல இதுக்கு முக்கியமான இடம் உண்டு. அந்தச் சீக்வென்சர் வேலையில இருந்தவர் இளையராஜா குழுவுல கீபோர்டு வாசிச்ச திலீப்ங்கற பையன். அப்போ அவருக்கு இருபது வயசுகூட ஆகல. ஆறு வருஷம் கழிச்சு, 1992-ல 'ரோஜா' வந்தப்போ அவரை ஏ.ஆர். ரஹ்மான்னு ஊரே தெரிஞ்சுக்கிச்சு.

தொகுப்புகள் மேல எனக்கு இருக்கிற ஒரே கோபமும் இந்தப் பேர் விஷயம்தான். யூரோபீட் தொகுப்போட பின்னட்டையைப் பார்த்தா இருபது பாடகர்கள் இருக்கிற மாதிரி தெரியும். ஆனா 'நைட் ஆஃப் ஃபயர்' பாடின நீக்கோவும், 'ரன்னிங் இன் தி 90ஸ்' பாடின மேக்ஸ் கோவெரியும் ஒரே ஆள்: மவுரிசியோ டி யோரியோ. 'டேஜா வூ' டேவ் ராட்ஜர்ஸோட நிஜப் பேரு ஜான்கார்லோ பாஸ்க்வீனி. ஒரு சின்னக் கூட்டம்தான் பல புனைபேர்கள்ல இவ்வளவையும் செஞ்சிருக்கு. முதல்ல மிஷின் மனுஷனை மறைக்குது, அப்புறம் அட்டையும் மறைக்குது. அடுத்த தொகுப்பு யார் போட்டாலும் நிஜப் பேரையும் பக்கத்துல போடட்டும். ஒரு குரலைப் பிடிச்சுப்போனா அவரோட மத்த பாட்டுகளைத் தேடிப் போகணும்ல?

இன்னொரு கருத்து: நான்-ஸ்டாப் மிக்ஸ் தொகுப்பை முதல் தடவையே கேட்காதீங்க. பாட்டோட தொடக்கமும் முடிவும் வெட்டுப்படும், அப்போ எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். முதல்ல தனித்தனியா நாலு பாட்டு கேளுங்க. மேல சொன்ன நாலே போதும்.

இது நமக்கு எதுக்கு?

போன வருஷம் நம்ம பசங்க ரெண்டு பேர் ஒரு இன்டர்-காலேஜ் கல்ச்சுரல்ஸுக்குப் போனாங்க. லேப்டாப்ல ரெண்டு மாசமா உட்கார்ந்து பண்ண சொந்தப் பாட்டு. "லைவ் இன்ஸ்ட்ருமென்ட் இல்லைன்னா இசைப் போட்டியில சேர்க்க முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதே மேடையில கரோக்கி ட்ராக் போட்டுப் பாடினவங்களுக்குப் பரிசு கிடைச்சுது!

ஏஐ-கிட்ட ரெண்டு வரி எழுதிக் கொடுத்துப் பாட்டு வாங்குற காலத்துல நடுவர்களுக்குச் சந்தேகம் வர்றது நியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. மேடையிலயே ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு ட்ராக்கும் ஏன் அப்படின்னு கேளுங்க. அப்புறம் மெட்டை மட்டும் ஒரு கீபோர்டுல வாசிக்கச் சொல்லுங்க. செஞ்சவனுக்குப் பதில் தெரியும், சுட்டவன் மாட்டிப்பான். நம்ம கல்ச்சுரல்ஸ்ல இந்த வருஷம் 'இசைத் தயாரிப்பு'ன்னு ஒரு தனிப் பிரிவு வைக்கச் சொல்லி கமிட்டிகிட்ட கேட்கப் போறோம். லேப்டாப்ல பாட்டு பண்ற ஆள் உங்க விங்ல இருந்தா பேர் கொடுக்கச் சொல்லுங்க. எத்தனை பேர் இருக்கோம்னு தெரிஞ்சாத்தான் கேட்கறதுக்கு ஒரு பலம் இருக்கும்.

நாலு பாட்டும் கேட்டுட்டு அப்பவும் "ஒரே மாதிரி"ன்னு தோணுச்சுன்னா மெஸ்ல பார்க்கும்போது சொல்லுங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சண்டை போட நான் ரெடி.