ஒரே வீடு, இரண்டு பான் கார்டு

"வருமான வரியா? அரியர் பேப்பரை கிளியர் பண்றதே பெரும்பாடா இருக்கு, இது எதுக்கு நமக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருப்பெரும்புதூரிலோ ட்ரெய்னியாகச் சேர்ந்துவிடுவோம். அதற்கு முன்பே, வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்ற ஒரே தகுதிக்காக அப்பா அம்மாவின் ரிட்டர்ன் நம் தலையில் விழும். என் தலையில் விழுந்தது. நானே சொதப்பி, நானே சரிசெய்த கதை இது.

எங்கள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அம்மா தனியார் பள்ளி ஆசிரியை. திருநின்றவூர்ப் பக்கம் தாத்தாவின் நிலம் விற்றபோது அம்மாவின் பங்காக எட்டு லட்சம் வந்தது. அதை இருவர் பெயரிலும் எஃப்.டி. போட்டார்கள். முதல் பெயர் அப்பாவுடையது. "யார் பேரு முன்னாடி இருந்தா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதானே" என்றார் அப்பா. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2024-25 நிதியாண்டுக்கு 7 சதவீதத்தில் வட்டி 56,000 ரூபாய். அந்த ஆண்டு வட்டி 40,000-ஐத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். 5,600 பிடித்தார்கள், முதல் பெயர்க்காரரான அப்பாவின் பான் எண்ணில். நான் அம்மாவின் ரிட்டர்னை 1-ஆம் எண் படிவத்தில் போட்டு, "அம்மா காசு, அம்மா வட்டி" என்று 56,000-ஐக் காட்டி, 5,600-ஐ ரீஃபண்ட் கேட்டேன். அம்மாவின் மொத்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனால் அப்பாவின் ரிட்டர்னைத் திறந்தால் அந்த 56,000 ஏற்கெனவே நிரப்பப்பட்டு நிற்கிறது. வரித்துறையே போட்டிருக்கிறதே என்று அதையும் அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரே வட்டி, இரண்டு பேர் கணக்கில்! அப்பா 20 சதவீதப் படியில் இருப்பவர். செஸ் சேர்த்து அந்த வட்டிக்கு வரி 11,648 ரூபாய். டி.டி.எஸ். போக ஆறாயிரத்துச் சொச்சம் கையை விட்டுக் கட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் மெயிலுக்கு பெங்களூரு மையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நீங்கள் கேட்கும் டி.டி.எஸ். உங்கள் 26 ஏ.எஸ். படிவத்தில் இல்லை, முப்பது நாளில் பதில் சொல்லுங்கள் என்று. அம்மா பயந்துபோனார். "என் வாழ்க்கையிலேயே இன்னைக்குத்தான்டா கவர்மெண்டு என்னைப் பொய் சொன்னேன்னு கேட்டிருக்கு" என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலில் தெரிந்த விஷயம், நம் நாட்டில் கணவன் மனைவிக்குக் கூட்டு ரிட்டர்ன் என்பதே கிடையாது. அமெரிக்காவில் உண்டு. அங்கே தம்பதி ஒரே ரிட்டர்ன் போடலாம்; தப்பு வந்தால் 1040-எக்ஸ் என்ற ஒரே திருத்தப் படிவம். ஆனால் கடைசி நாள் தாண்டிய பிறகு, போட்ட கூட்டு ரிட்டர்னைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. வரி பாக்கிக்கு இருவருமே முழுப் பொறுப்பு. இங்கே கோவாவில் ஒரு வேடிக்கை. போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் பொருந்தும் தம்பதிகளுக்கு, சம்பளம் தவிர்த்த வருமானம் சரிபாதியாக இருவர் கணக்கிலும் போகும். 1961 சட்டத்தில் 5ஏ பிரிவு அதற்காகவே இருந்தது. அவர்களுக்கும்கூட ரிட்டர்ன் இரண்டுதான்.

அப்படியானால் வட்டி யாருடையது? பெயர் வரிசை அதைத் தீர்மானிக்காது. பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. அப்பா தன் சம்பளத்தைச் சும்மா எடுத்துக் கொடுத்து அம்மா பெயரில் எஃப்.டி. போட்டிருந்தால், அம்மா பெயர் முதலில் இருந்தாலும் வட்டி அப்பா கணக்கில்தான் சேரும். (அந்த வட்டியை அம்மா மறுபடி முதலீடு செய்தால், அதிலிருந்து வருவது அம்மாவுடையது. சட்டம் எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!) எங்கள் விஷயத்தில் பணம் தாத்தா நிலத்துப் பணம். பத்திரம் இருக்கிறது, முதலில் அம்மாவின் கணக்கில் வரவான பாஸ்புக் பக்கமும் இருக்கிறது. ஆக வட்டி அம்மாவுடையதே. நான் வருமானத்தைச் சரியாகக் காட்டிவிட்டு, டி.டி.எஸ்.ஸை மட்டும் இன்னொருவர் பான் எண்ணிலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறேன். 1-ஆம் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. 2-ஆம் படிவத்தில்தான் அதற்குக் கட்டம் உண்டு.

முறையான வழி 37 பி.ஏ. விதி. டி.டி.எஸ். யார் பெயரில் பிடிக்கப்பட்டதோ அவர், அதாவது அப்பா, வங்கிக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். "இந்த வருமானம் என் மனைவியுடையது" என்று அவர் பெயர், முகவரி, பான் எண், காரணம் எல்லாம் எழுதி. அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வங்கி திருத்த அறிக்கை அனுப்பி, சில வாரங்களில் 5,600 அம்மாவின் 26 ஏ.எஸ்.ஸுக்கு மாறியது. அப்பாவின் ஏ.ஐ.எஸ். பக்கத்திலும் 'இது வேறொருவருக்குரியது' என்று பதில் பதிந்தோம்.

அடுத்து திருத்திய ரிட்டர்ன். அந்த ஆண்டுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷாஃப்டை மட்டும் மறுபடி கடைந்துவிட்டு புஷ்ஷை அப்படியே விட்டால் ஃபிட் ஆகுமா? அப்பாவின் கணக்கிலிருந்து 56,000-ஐயும் 5,600-ஐயும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் அடுத்த நோட்டீஸ் அவருக்கு. இரண்டிலும் பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தேதியும் கேட்கும். அனுப்பினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், முப்பது நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அம்மாவின் ஆதாரில் இருந்ததோ எப்போதோ தொலைந்த சிம் எண். ஓ.டி.பி. வரவே இல்லை. கடைசியில் நெட் பேங்கிங் வழியாகப் போட்டோம்.

வீட்டுக்கடனிலும் இதே கதைதான் நடக்கும். இருவரும் உரிமையாளர், இருவரும் கடன்காரர் என்றால் பழைய வரிமுறையில் அவரவர் பங்கைக் காட்டலாம். முழு வட்டியை இருவருமே எழுதிவிடுவதுதான் தப்பு.

டிசம்பரைத் தவறவிட்டால்? 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்று 2022-இல் ஒன்று வந்தது. 2025-இல் அதன் காலத்தை 48 மாதமாக நீட்டினார்கள். ஆனால் அதில் வரியைக் கூட்டிக் கட்டத்தான் முடியும்; ரீஃபண்ட் கேட்க முடியாது. எங்களுக்கு அது உதவியே இருக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதுச்சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்களும் மாறிவிட்டன. நான் சொன்ன எண்கள் பழைய ஆண்டுக் கணக்குக்கு மட்டும்.

அப்பாவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் திரும்பி வந்தது. அம்மாவுக்கு 5,600 அவர் கணக்கிலேயே வந்தது. மெசேஜை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எஃப்.டி. முதிர்ந்தபோது அப்பாவே வங்கிக்குப் போய் புதுப்பித்துக்கொண்டு வந்தார். ரசீதில் முதல் பெயர் அம்மாவுடையது.