புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்கள்... பிரான்ஸ் தேசத்தையே இரண்டாக்கிய சண்டை!

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவர் வீடுகளும் கடற்கரைச் சாலையும்தான் சட்டென நினைவுக்கு வரும். 18-ம் நூற்றாண்டில் அதே கடற்கரையில் துணி மூட்டைகளோடு மனிதர்களையும் கப்பலேற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஆம், விலைக்கு விற்கப்பட்ட மனிதர்கள்!

இதற்குச் சாட்சி நம்மூர்க்காரர்தான். பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து எழுதிவந்த நாட்குறிப்பில், 1743-ம் ஆண்டுப் பகுதியில் ஆள் பிடிக்கும் கும்பல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பாவிகளை ஏமாற்றி அழைத்து வருவது, மொட்டையடித்துக் கறுப்புத் துணி உடுத்துவது, காலில் விலங்கு மாட்டிக் கப்பலேற்றுவது... இதுதான் அவர்கள் தொழில். பஞ்ச காலத்தில் இந்த வியாபாரத்துக்கு ஏமாற்று வேலைகூடத் தேவைப்படவில்லை. ஒரு வாய்ச் சோற்றுக்காகப் பெற்ற பிள்ளைகளையே விற்ற கொடுமையும் நடந்தது.

அந்தக் கப்பல்கள் இன்றைய மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குச் சென்றன. இரண்டுமே அன்று பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தன. அங்கிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு தமிழர்களும் இருந்தார்கள். இன்னொரு பக்கம், புதுச்சேரியின் நீலச் சாயத் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஏக கிராக்கி. துணியைக் கொடுத்து அங்கே மனிதர்களை வாங்கினார்கள்!

எல்லோரும் சமம்... அடிமைகளைத் தவிர!

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 'மனிதர்கள் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள்' என்று பாரிஸ் அறிவித்தது. அப்படியானால் தோட்டத்தில் விலங்கோடு நிற்பவன் மனிதன் இல்லையா? இந்த ஒரு கேள்விதான் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தை ஆட்டிப் படைத்தது.

அடிமைகளை விட்டுவிட்டால் சர்க்கரையும் காபியும் போச்சு என்று தோட்ட முதலாளிகள் அலறினார்கள். பாரிஸில் வாக்குவாதம் நீண்டுகொண்டே போக, 1791 ஆகஸ்ட்டில் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் டொமிங்கோ அடிமைகள் ஆயுதம் ஏந்தினார்கள். அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். தீவு தீப்பற்றி எரிந்தது. வேறு வழியில்லாமல், 1794 பிப்ரவரி 4 அன்று, தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிப்பதாக பிரான்ஸ் அறிவித்தது.

புதுச்சேரியோ 1793-லேயே பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. ஆனால், நம்மவர்கள் அடிமைகளாக இருந்த மொரீஷியஸ் பிரான்ஸிடம்தான் இருந்தது. விடுதலை கிடைத்ததா?

இல்லை! 1796-ல் சட்டத்தை அமல்படுத்த பாரிஸிலிருந்து 2 அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்து, சில நாள்களிலேயே இருவரையும் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டார்கள். பிரான்ஸின் கொடி பறந்தது, பிரான்ஸின் சட்டம் செல்லவில்லை. அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

1802-ல் நெப்போலியன் முதலாளிகள் பக்கம் சாய்ந்து, அடிமைமுறைக்குத் திரும்பவும் அனுமதி கொடுத்தார். இதை எதிர்த்து, கரீபியனில் உள்ள குவாடலூப் தீவில் லூயி டெல்கிரே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியே படை திரட்டிப் போராடினார். பிரெஞ்சுப் படை சுற்றி வளைத்தபோது, மீண்டும் அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று, சுமார் 300 பேரோடு வெடிமருந்தைக் கொளுத்தி உயிர்விட்டார். செயின்ட் டொமிங்கோ மக்களோ பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804-ல் ஹைட்டி என்ற சுதந்திர நாட்டை உருவாக்கினார்கள்.

பெயர் மாறியது... கப்பல் நிற்கவில்லை

1848 ஏப்ரல் 27 அன்றுதான் பிரான்ஸ் அடிமைமுறைக்கு முழுமையாக முடிவுகட்டியது. விடுதலையானவர்கள் தோட்டங்களைவிட்டு வெளியேற, கரும்பு வெட்ட யார் இருக்கிறார்கள்? முதலாளிகளின் பார்வை திரும்பவும் நம் கடற்கரைப் பக்கம் விழுந்தது. இந்த முறை விலங்கு இல்லை. 5 வருட ஒப்பந்தம் என்ற காகிதம் இருந்தது.

1861-ல் அடிமைமுறைத் தகராறு முற்றி, அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் போரில் இறங்கின. 4 ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்தப் போர் பலிவாங்கியது. அதே 1861-ல், பிரெஞ்சுக் காலனிகளுக்கு இந்தியக் கூலிகளை அனுப்ப பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்டன! புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். டெல்கிரே உயிர்விட்ட குவாடலூப்புக்கு மட்டும், 1854 முதல் 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் சுமார் 42,000 இந்தியர்கள் சென்றார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது என்றது அரசு. அப்படி ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்த ஹென்றி சிதம்பரம், 1904-ல் வழக்கு தொடுத்தார். 'நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான்' என்பதே அவர் வாதம். 19 ஆண்டுகள் விடாமல் போராடி, 1923-ல் அந்த உரிமையைப் பெற்றுத் தந்தார்.

'எல்லோரும் சமம்' என்று பாரிஸ் அறிவித்தது 1789-ல். அது குவாடலூப் தமிழர்களின் வாக்காளர் பட்டியலுக்கு வந்து சேர 134 வருடங்கள் ஆகியிருக்கின்றன. அடுத்த முறை புதுச்சேரி கடற்கரையில் காற்று வாங்கும்போது, அங்கிருந்து போய்த் திரும்பாதவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.