தனித்திருக்கையில் பேச என்ன இருக்கிறது?

2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகரோடு மதுரை கிழக்கு ஒன்றியமும் மீண்டும் முழு ஊரடங்குக்குள் சென்றபோது, நம் ஒத்தக்கடையும் அடங்கியது. திருப்பலியைக்கூடக் கைப்பேசியில்தான் கண்டோம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனித்திருந்த பெரியவர்களுக்கு அந்த நாள்கள் மிக நீண்டன.

மகன் அழைப்பான். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்ப்பா." அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அன்பு குறைந்ததால் அல்ல. நேற்றைப் போலவே இன்றும் கழிந்தால் சொல்வதற்கு எதுவும் இராது. கை ஏதாவது செய்திருந்தால் கதையே வேறு. மாங்காய் ஊறுகாய் போட்டவர் உப்புக் கூடிப்போனதைச் சொல்வார். மகள் அதற்கு வழி சொல்வாள். தகர டப்பாவில் கீரை விதைத்தவர் முளைவிட்டதைப் படமெடுத்து அனுப்புவார். பேரனுக்கு வாட்ஸ்அப்பில் கதை சொல்வதாக இருந்தால், பாதியில் நிறுத்திவிடுவது நல்லது. மறுநாள் அழைப்பு அங்கிருந்தே வரும்!

புனித பவுல் உரோமையில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் காவலில் இருந்தார் (திப 28:30). சிறையிலிருந்து அவர் பிலமோனுக்கு எழுதியது ஒரே ஓர் அதிகாரம்தான். அடிமை ஒனேசிமுக்காகப் பரிந்து பேசிவிட்டு, தாம் வந்து தங்குவதற்கு ஓர் அறையை ஆயத்தம் செய்து வைக்கும்படியும் அதில் கேட்கிறார்.