நம்பர் பிளேட் இல்லாத வண்டி

மலிவான விலை, சத்தமில்லாத ஓட்டம், லைசென்ஸ் தொல்லை கிடையாது. சீன உதிரிபாகங்களால் உருவான மின் ஸ்கூட்டரை வாங்குவது சுலபம். முதல் ஆண்டைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

தில்லியின் ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் ஒரு காலத்தில் சைக்கிள்களும் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டிகளும்தான் விற்றன. இன்று பல கடைகளின் வாசலில் சிவப்பிலும் வெள்ளையிலும் பளபளக்கும் ஸ்கூட்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வட்ட விளக்கு, குரோமியப் பூச்சு, இத்தாலிய ஸ்கூட்டர்களின் சாயல். மேலே ஓர் அட்டை: லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். விலை பெரும்பாலும் 50,000 ரூபாயை ஒட்டி. பெட்ரோல் ஸ்கூட்டரை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டிச் சாலைக்குக் கொண்டுவர இதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஆகிவிடும்.

வாங்குபவர்களில் கல்லூரி மாணவிகள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு. ஆனால் இந்த வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் வேறு. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து வீடு வீடாகச் சாப்பாடும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் அவர்கள். கையில் லைசென்ஸ் இல்லாதவருக்கும் வேலை தருகிற வண்டி இது. தில்லி அரசு 2023இல் கொண்டுவந்த திட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது: டெலிவரி நிறுவனங்களின் வண்டிகள் அனைத்தும் 2030க்குள் மின்சாரத்துக்கு மாறியாக வேண்டும்.

வண்டியின் மேல் ஒட்டிய பெயர் இந்தியப் பெயர். உள்ளே கதை வேறு. மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், சார்ஜர், பல வண்டிகளில் பிளாஸ்டிக் உடல் எல்லாமே சீனாவிலிருந்து பெட்டிகளில் வந்தவை. இங்கே சிறு பட்டறைகளில் அவற்றைப் பூட்டுகிறார்கள். வூஷி, தியான்ஜின், தைஜோ ஆகிய நகரங்கள்தான் இந்தத் தொழிலின் தலைநகரங்கள். 1990களிலிருந்து சீனாவின் பெருநகரங்கள் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்குக் கதவைச் சாத்தின. அந்த இடத்தை மின்வண்டி பிடித்துக்கொண்டது. இன்று அங்கே ஓடும் மின் இருசக்கர வண்டிகள் 30 கோடிக்கு மேல். அந்த எண்ணிக்கைதான் உதிரிபாகங்களின் விலையை இந்த அளவுக்கு இறக்கியிருக்கிறது.

அட்டையில் உள்ள வாக்குறுதி பொய்யல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. சட்டத்தின் கண்ணில் அது சைக்கிளுக்குத் தங்கை. எனவே நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. புத்தகம் இல்லை, இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. வேடிக்கை என்னவென்றால், வண்டி பிறந்த சீனாவில் இந்தச் சலுகை இல்லை. 2019இல் அங்கே அமலுக்கு வந்த தர விதி, மின் சைக்கிளின் வேகத்தை 25 கிலோமீட்டர் என்றும் எடையை 55 கிலோ என்றும் நிர்ணயித்தது. பெடல் கட்டாயமாக்கப்பட்டது. நகரங்கள் நம்பர் பிளேட்டும் மாட்டச் சொல்கின்றன.

முன்பெல்லாம் புது பஜாஜ் ஸ்கூட்டர் வாங்கியவர் முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை வேகம் காட்டமாட்டார். ‘ரன்னிங் இன்’ என்று அதற்குப் பெயர். பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும் என்பது கணக்கு. மின் ஸ்கூட்டரில் பிஸ்டனும் இல்லை, மாற்ற வேண்டிய எஞ்சின் ஆயிலும் இல்லை. ஆகவே பழக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இந்த வண்டியில் பழக்க வேண்டியவை மூன்று: நட்டு போல்ட்டுகள், பேட்டரி, வாங்கியவர்.

நட்டு போல்ட்டிலிருந்து தொடங்கலாம். பட்டறையில் அவசரமாகப் பூட்டிய வண்டி, தில்லியின் குழிகளில் முதல் 200, 300 கிலோமீட்டர் குலுங்கியதும் தளர ஆரம்பிக்கும். ஹேண்டில்பாரின் கழுத்து, பிரேக் லீவர், பின் ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கியாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்சக்கர அச்சின் நட்டு. இந்த வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்கள் அச்சின் வழியாகத்தான் நுழைகின்றன. நட்டு தளர்ந்து அச்சு சுழன்றால் ஒயர்கள் முறுக்கி அறுந்துபோகும். பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டால் மோட்டாரையே கழற்ற வேண்டிவரும். பிரேக்கும் முதல் சில நாட்களுக்கு முழுப் பிடி கொடுக்காது. உராய்ந்து பதிந்த பிறகுதான் நம்ப முடியும்.

பேட்டரி விஷயம்தான் பெரியது. மலிவு வண்டிகளில் பெரும்பாலும் ஈய அமில பேட்டரிகள். 12 வோல்ட் கட்டிகள் ஐந்தை வரிசையாக இணைத்து 60 வோல்ட் ஆக்குகிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து கிலோ. ஐந்தும் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடச் சிறுவன் எடை. கழற்றி மாடிக்குத் தூக்கிப்போய் சார்ஜ் செய்ய முடியாது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் இளைஞர், கீழே தெருவில் ஒயர் இழுத்தாக வேண்டும். அல்லது கடைக்காரருக்கு ஏதோ கொடுத்து ஒரு பிளக் பாயின்ட் பிடித்தாக வேண்டும்.

புதிய ஈய பேட்டரி முதல் நாளே முழுத் திறனைக் காட்டுவதில்லை. சில வாரங்கள் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகுதான் உச்சத்துக்கு வரும். அந்த நாட்களில் அதைக் கடைசிச் சொட்டுவரை வற்ற விடக்கூடாது. பாதிக்குமேல் இறங்கியதும் சார்ஜில் போடுவது நல்லது. ஓட்டி வந்த சூட்டிலேயே போடாமல் அரைமணி ஆறவிட வேண்டும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால்தான் உண்மையில் நிறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றிய பேட்டரியை அப்படியே நாட்கணக்கில் வைக்கக்கூடாது. வைத்தால் உள்ளே ஈயத் தகட்டின்மேல் சல்பேட் உப்பு படிகமாக இறுகிவிடும். அந்த இடம் பிறகு சார்ஜ் ஏற்காது. ஹோலிக்கோ சட் பூஜைக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்புபவரின் வண்டி பாதி தூரம் போய் நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சீதோஷ்ணமும் சும்மா இருப்பதில்லை. சனவரிக் காலையில் தில்லியின் குளிர் பேட்டரியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட விழுங்கிவிடும். வெயில் வந்ததும் அது திரும்பிவிடும். ஜூன் மாத வெயில் தின்பது திரும்பாது. சராசரி அறை வெப்பத்துக்குமேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. 45 டிகிரியைத் தொடும் ஊரில் நிழல் பார்த்து நிறுத்துவது சொகுசல்ல, சேமிப்பு.

எவ்வளவு சேமிப்பு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை முழுதாக சார்ஜ் ஏற்ற இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். யூனிட் 6 ரூபாய் என்றால் 13 ரூபாய். அதில் 50 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 26 பைசா. லிட்டர் 95 ரூபாய் விலையில் 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 2 ரூபாய் 11 பைசா. கடைக்காரர் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்வார். மூன்றாவது எண் பேட்டரி. தினமும் ஆழமாக வற்றி ஏறும் ஈய பேட்டரி சுமார் 300 முறை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000 கிலோமீட்டர். புது செட் 15,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மின்சாரத்தையும் சேர்த்தால் 1 ரூபாய் 26 பைசா. அப்போதும் பெட்ரோலைவிட லாபம்தான்.

ஆனால் அலட்சியத்தால் பேட்டரி பாதி ஆயுளிலேயே போய்விட்டால்? பேட்டரிச் செலவு 2 ரூபாய் ஆகும். மொத்தம் 2 ரூபாய் 26 பைசா. பெட்ரோலைவிடக் கூடுதல். ஏழையின் வண்டி லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது சார்ஜ் போடும் பழக்கம்தான். டெலிவரிக்காரருக்கு அந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்க நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் சோகம். நாளுக்கு 70, 80 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு, சார்ஜ் ஏறக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழந்த ஆர்டர்கள். வற்றும்வரை ஓட்டுகிறார். ஓராண்டு முடியும் தறுவாயில், வாரன்டி முடிந்தோ முடியாமலோ, பேட்டரி படுத்துவிடுகிறது. ஐந்து கட்டிகளில் ஒன்று நலிந்தாலே மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு விழும். விவரம் தெரிந்த மெக்கானிக் வோல்ட் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எது குற்றவாளி என்று சொல்வார். தெரியாதவர் ஐந்தையும் மாற்றச் சொல்வார்.

இந்தச் சலிப்பின் நடுவே ஒரு ஆசை காட்டப்படுகிறது. 25 கிலோமீட்டர் வேகம் தில்லியின் வெளிவட்டச் சாலையில் ஆபத்தான மெதுவேகம். பின்னால் பஸ் ஹாரன் அடித்து விரட்டும். பல கன்ட்ரோலர்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரே ஒரு ஒயர். அதைக் கழற்றிவிட்டால் வண்டி 40ஐத் தாண்டும். சில கடைகளில் விற்கும்போதே இந்த உதவியைச் செய்து கொடுக்கிறார்கள். கழற்றிய கணத்தில் வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. மத்திய சட்டப்படி லைசென்ஸ் இல்லாததற்கு மட்டும் 5,000 ரூபாய் அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை 2022இல் இத்தகைய வண்டிகளுக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியது. மாட்டிக்கொள்பவர் கழற்றிக் கொடுத்த கடைக்காரர் அல்ல, ஓட்டியவர்.

விதிக்குள்ளேயே ஓடும் வண்டிக்கும் காகிதம் இல்லாததன் விலை உண்டு. யார்மேலாவது மோதினால் நஷ்ட ஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. சொந்தப் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். திருட்டுப் போனால் போலீஸில் சொல்ல நம்பர் கிடையாது. விற்கப் போனால் இது தன் வண்டிதான் என்று காட்ட ஒரு பில்லைத் தவிர வேறில்லை. பலர் அந்தப் பில்லைக்கூட வாங்குவதில்லை.

2022 இந்தத் துறைக்குப் பயம் காட்டிய ஆண்டு. மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தனர். செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீ, மேலே இருந்த ஓட்டலில் எட்டுப் பேரைப் பலி வாங்கியது. பதிவு பெறும் வண்டிகளின் பேட்டரிக்கு அதன் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. ஈய பேட்டரி லித்தியத்தைப் போல எளிதில் தீப்பற்றாது என்பது உண்மை. ஆனால் மலிவு சார்ஜரும் தளர்ந்த இணைப்பும் எந்தப் பேட்டரியிலும் சூடேறும். படுக்கை அறையிலும், வெளியேறும் ஒரே வழியான மாடிப்படிக்குக் கீழும் இரவெல்லாம் சார்ஜ் போடுவது எப்போதுமே தப்பு.

நாதியற்ற வண்டிகளை இந்தியா முன்பும் பார்த்திருக்கிறது. 2010 நவம்பரில் மத்திய அரசு மின் ஸ்கூட்டருக்கு மானியம் அறிவித்தது. 2012 மார்ச்சில் அது நின்றதும் விற்பனை சரிந்தது. பல கம்பெனிகளும் டீலர்களும் கடையைக் கட்டினார்கள். வண்டிகள் உதிரிபாகத்துக்கு வழியின்றி முற்றத்தில் தூசி படிந்தன. 2019இல் வந்த மானியத் திட்டம் ஈய பேட்டரி வண்டிகளையும் மெதுவேக வண்டிகளையும் ஒதுக்கி வைத்தது. மானியம் பெற்ற கம்பெனிகளிலும் சில, விதியை மீறி இறக்குமதிப் பாகங்களைப் பயன்படுத்தியதாகக் கூறி 2023இல் அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. மானியமும் இல்லாமல் பதிவும் இல்லாமல் ஓடும் மலிவு வண்டியைக் கண்காணிக்க அரசுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

அதற்காக இந்த வண்டியை வாங்கவே கூடாது என்பதல்ல. நாளுக்கு 20, 30 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்காரருக்கு இதைவிடச் சிக்கனமானது இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டியவை சில. வாகனச் சோதனை நிறுவனம் அந்த மாடலுக்குக் கொடுத்த சான்றிதழின் நகல். வண்டி சட்ட வரம்புக்குள் இருப்பதற்கு அதுதான் சாட்சி. ஐந்து பேட்டரிகளின் வரிசை எண்களும் மோட்டார் எண்ணும் எழுதிய முறையான பில். வாரன்டி யாருடையது, கம்பெனியுடையதா, கடைக்காரரின் வாய்ச்சொல்லா என்ற தெளிவு. அதே கன்ட்ரோலரும் சார்ஜரும் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்ற விசாரணை. கடைசியாக, சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு ஹெல்மெட்.

லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்கிறது அட்டை. அவற்றோடு சேர்ந்து வருகிற பாதுகாப்பும் கிடையாது என்பதை எந்த அட்டையும் எழுதுவதில்லை. அதை வண்டிக்காரர் தாமாகத்தான் தெரிந்துகொள்கிறார், பெரும்பாலும் முதல் ஆண்டு முடிவதற்குள்.