பெங்களூர் பசுக்களுக்கு லாரியில் வரும் வைக்கோல் உருளை: வாங்குமுன் உள்ளே கை விட்டுப் பாருங்கள்!

பெங்களூர் நகரில் புல் முளைக்க இடம் இல்லை. ஆனாலும் பசுக்கள் இருக்கின்றன. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் போன்ற பகுதிகளில் ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பால் கறந்து விற்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கணவர் கட்டிட வேலைக்கோ கம்பெனிக்கோ போய்விட, மாட்டைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு பல வீடுகளில் பால் காசில்தான் நடக்கிறது.

இந்த மாடுகளின் உலர் தீவனம் முழுவதும் வெளியில் இருந்து வந்தாக வேண்டும். ஆனேக்கல், மாகடி, கோலார் பக்கம் கேழ்வரகுத் தாள். கிருஷ்ணராஜ சாகர் தண்ணீர் பாயும் மண்டியா, மத்தூர் பக்கம் நெல் வைக்கோல். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டுமே 'ஹுல்லு'தான்.

மைசூர் மன்னர்கள் காலத்தில் அரண்மனை மாடுகளுக்கென்றே புல்வெளிகளை ஒதுக்கி, அவற்றுக்குக் 'காவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கனகபுரா சாலைப் பக்கம் உள்ள பி.எம்.காவல், யு.எம்.காவல் என்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. புல்லைத்தான் காணோம்.

பாய் போல் சுருட்டும் இயந்திரம்

முன்பெல்லாம் வைக்கோல் உதிரியாகத்தான் வரும். வாங்குகிறவர் ஒரு பிடி உருவி, நிறம் பார்த்து, முகர்ந்து பார்த்து விலை பேசுவார். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு அந்த வழக்கம் மாறிவிட்டது. இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே சிதற விட்டுப் போகிறது. அதைக் கூலி கொடுத்து வாரிக் கட்டினால் கட்டுப்படி ஆகாது. எனவே டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கட்டு இயந்திரம் வந்தது. சிதறிய வைக்கோலை வாரி, பாய் சுருட்டுவது போல் சுருட்டி, கயிறு சுற்றி, பீப்பாய் உருவத்தில் கீழே தள்ளுகிறது. நம் பக்கத்துச் சிறிய இயந்திரங்கள் போடும் உருளை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ இருக்கும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேரி வெர்மீர் என்பவர் 1971-ம் ஆண்டு செய்த இயந்திரம் பெரிய உருளைகளுக்கு வழி திறந்தது. அங்கே ஓர் உருளை அரை டன்னுக்கு மேலும் இருக்கும். டிராக்டரில் பொருத்திய ஈட்டியால் குத்தித் தூக்கிக்கொண்டு போய், ஓர் இரும்பு வளையத்துக்குள் வைத்து விடுகிறார்கள். மாடுகள் சுற்றி நின்று தின்கின்றன. அல்சூர் சந்தில் அந்த உருளையைத் திருப்பவே இடம் இருக்காது!

மின்கம்பி ஆபத்து

இங்கே தூக்குவது மனிதன்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவர்கள் சுமைத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள். வைக்கோல் சுமைக்குப் போனால் சுணை பட்டுக் கையும் கழுத்தும் அரிக்கும். தூசி நெஞ்சைப் பிடிக்கும். தலையில் சும்மாடு, முகத்தில் ஒரு துண்டு. இவையே இவர்களுடைய பாதுகாப்புச் சாதனங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. ஒரே நடையில் கூடுதல் உருளை ஏற்றினால் வாடகை மிச்சம். அதனால் சுமை உயர்ந்துகொண்டே போகும். தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி அதில் உரசினால் ஒரு பொறி போதும். வைக்கோல் லாரி எரிந்தது என்ற செய்தி வராத கோடை கிடையாது.

மின்சார ரெயில் பாதையில் ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். அங்கே கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். ரெயில்வே கேட்டின் இருபுறமும் 4.67 மீட்டர் உயரத்தில் குறுக்குச் சட்டம் நட்டிருப்பது அதற்காகத்தான். அதில் சுமை இடித்தால் குனிந்து வளைந்து நுழையப் பார்க்காமல், மேல் வரிசையை இறக்கிவிடுவதே உத்தமம். சுமையின் மேல் ஆள் படுத்து வருவதை எந்த டிரைவரும் அனுமதிக்கக் கூடாது.

எண்ணிக்கையா, எடையா?

வாங்குகிறவர் ஏமாறும் இடம் இதுதான். இயந்திரக்காரருக்கு உருளைக்கு இவ்வளவு என்று கூலி. தளர்வாகச் சுற்றினால் அதே வயலில் உருளை அதிகம் விழும். அவர் அடுத்த வயலுக்கு ஓட வேண்டிய அவசரத்தில், பனி காயுமுன்னே சுற்றிவிடுவதும் உண்டு. வெளியே பொன் நிறமாக இருக்கும். உள்ளே ஈரம் புழுங்கி, பூஞ்சை பூத்திருக்கும்.

எடையில் உருளைக்கு 3 கிலோ குறைந்தால் 100 உருளைக்கு 300 கிலோ நஷ்டம். நாளைக்கு 5 கிலோ தின்னும் பசுவுக்கு அது இரண்டு மாதத் தீனி. ஆகவே எடை போட்டு வாங்குவதே நியாயம். எடை போட வசதி இல்லாவிட்டால் நாலைந்து உருளையையாவது தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றை அவிழ்த்து நடுவில் கை விட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தாலும், மக்கிய வாடை அடித்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பூஞ்சை வைக்கோலைத் தின்ற மாட்டுக்கு வாலும் காது நுனியும் அழுகும் நோய் வருவது உண்டு. பால் வற்றிய பிறகு வைத்தியச் செலவு வேறு.

உருளையைச் சுற்றிய நைலான் கயிற்றை முழுவதும் உருவி எடுத்து எண்ணி வைப்பது நல்லது. வயிற்றுக்குள் போன கயிறு கரையாது. பிறகு வைக்கோலை நறுக்கிப் போட்டால், காலில் மிதித்து வீணாக்குவது குறையும்.

நெல் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர, அதில் புரதம் நூற்றுக்கு நாலுக்கு மேல் தேறாது. அதில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்தையும் கட்டிப்போடும். கேழ்வரகுத் தாள் இந்த வகையில் மேல். கிடைத்தால் அதையே வாங்கலாம். நெல் வைக்கோல்தான் கிடைக்கிறது என்றால் தவிடு, பிண்ணாக்கு, பசுந்தீவனத்துடன் தாது உப்புக் கலவையும் அவசியம்.

2023-ம் ஆண்டு வறட்சியின்போது கர்நாடகத்தில் 223 தாலுகாக்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தீவனம் வெளி மாநிலம் போகாதபடி எல்லை மாவட்டங்களில் தடையும் வந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் நல்லது, கெட்டது பார்த்து வாங்க முடிவதில்லை. அறுவடை முடிந்து விலை இறங்கும்போதே நாலு பேர் சேர்ந்து ஒரு லோடு இறக்கி, தரையில் படாமல் பலகை அடுக்கி, மழை படாமல் மூடி வைப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மாட்டுத் தீவன ஆராய்ச்சிக்குப் பெங்களூரில் இடம் புதிதல்ல. 1923-ல் இங்கே தொடங்கிய இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்கு 1927-ல் காந்தியடிகளே மாணவர் போல் வந்து போயிருக்கிறார். ஆடுகோடியில் 1995 முதல் தேசிய கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

வைக்கோலின் சத்தைக் கூட்ட நிபுணர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் முறை ஒன்று உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு 21 நாள் மூடி வைக்க வேண்டும். யூரியா அளவு கூடினால் விஷம். மூடியைத் திறந்தவுடன் போடாமல், நெடி போக ஆற விட்டு, முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.