ஒரு படகில் இரு கருவிகள்

கடலடியின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர், விசைப்படகுகளில் இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு கருவிகளைப் பொருத்துவோரும் உண்டு. இரண்டையும் ஒருசேர இயக்கினால் திரையில் சாய்கோடுகளும் புள்ளிகளும் சிதறுகின்றன. கருவி கெட்டுவிட்டது என்று கருதத் தோன்றும். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. அவற்றைப் பொருத்திய முறையில் இருக்கிறது.

படகின் அடியிலுள்ள டிரான்ஸ்டியூசர் மீயொலித் துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. எனவே, 30 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப 0.04 நொடி ஆகும். அந்த நேரத்தைக் கொண்டே ஆழம் கணிக்கப்படுகிறது. திரும்பி வந்த ஒலி யாருடையது என்பதைக் கருவி அறியாது. பக்கத்துக் கருவியின் துடிப்பையும் மீனாகவோ தரையாகவோ வரைந்துவிடும். இல்லாத மீனைத் தேடி டீசல் வீணாவது ஒருபுறம். பாறைப் பாரின் மேல் ஆழம் தவறாகத் தெரிந்தால் படகுக்கும் உயிருக்குமே ஆபத்து.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இங்கு ரொனால்டு கோஸ் என் நினைவுக்கு வருகிறார். வானொலி அலைவரிசைகள் குறித்து 1959-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, இடையூறு என்பது இருதரப்புக்கும் பொதுவானது என்று அவர் விளக்கினார். யார் குற்றவாளி என்பதைவிட, யார் விலகினால் இழப்பு குறைவு என்பதே கேள்வி.

அக்கேள்வியைப் படகிலும் கேட்கலாம். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழம் குறைந்த நீரில் நுணுக்கமாகக் காட்டும்; 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழத்துக்குச் செல்லும். ஒரு கருவிக்கு ஓர் அதிர்வெண் என்று பிரித்துவிட்டால் பூசலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கரையோரத்தில் 50-ஐ நிறுத்திவைப்பதால் இழப்பு அதிகமில்லை. ஒரு பட்டை முழுவதும் துழாவும் சிர்ப் வகைக் கருவிகளாயின், இரண்டின் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு அமைக்க வேண்டும்.

டிரான்ஸ்டியூசர்களை இயன்றவரை விலக்கி, ஏராவின் இருபுறமும் பொருத்துவது நல்லது. கருவியிலுள்ள இடையூறு வடிகட்டி, அடுத்தடுத்த துடிப்புகளை ஒப்பிட்டு ஒவ்வாதவற்றை நீக்கும். ஆனால், அதை மிகையாக வைத்தால் சிறு மீன்களும் மறைந்துவிடும். கருவிகள் இணைப்பு வசதி உடையவையாயின், ஒன்று மட்டும் ஒலியெழுப்ப, இரு திரைகளும் அதன் படத்தைப் பகிரலாம்.

எதையும் மாற்றுமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கருவியை அணையுங்கள். மற்றதில் கோடுகள் மறைந்தால் இடையூறு அதனால்தான். மறையாவிட்டால் எஞ்சினின் ஆல்டர்னேட்டரையும் மின்கம்பிகளையும் ஐயுற வேண்டும். கருவிக்குப் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுப்பது பலன் தரக்கூடும்.

இரண்டாவது கருவியை வாங்கும்போது விலையைக் கேட்பதுபோல் அதிர்வெண்ணையும் கேட்டறிந்தால், இத்தொல்லையில் பெரும்பகுதி கரையிலேயே தீர்ந்துவிடும்.